விலை கொடுத்தவரும் தவணை கொடுத்தவரும்

ஒரு பொருளைக் கொள்வனவு செய்யும்போது விலை கேட்காத வியாபாரி இல்லை. ஆனால் அந்தப் பொருள் விலைபோக எத்தனை நாள் எடுக்கும், அதைக் கடையில் எந்த இடத்தில் வைத்தால் கைபோகும் என்பதை முன்கூட்டியே யோசித்துவிட்டு வாங்குபவர்கள் எத்தனை பேர்? பொருளின் நிலை இதுவென்றால், சம்பளம் பேசி வேலைக்கு எடுக்கும் மனிதனின் விடயத்தில் நாம் எவ்வளவு அவசரக்காரர்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. வந்து மூன்று மாதத்தில் விற்பனை கூடவில்லை என்றால் ஆள் சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஆளுக்குக் கொடுத்த இடம் சரிதானா, கொடுத்த காலம் போதுமானதா என்ற கேள்வி நமது மனதில் எழுவதே இல்லை.

இதை விளங்கிக்கொள்வதற்கு உதைபந்தாட்ட உலகம் ஒரு நல்ல சந்தை. ஏனெனில் அங்கு மனிதத் திறமைக்குப் பகிரங்கமாகவே விலை பேசப்படுகிறது. எவர் எவ்வளவுக்கு வாங்கினார், எவ்வளவுக்கு விற்றார், இடைப்பட்ட காலத்தில் என்ன பயன் கண்டார் என்பதெல்லாம் பத்திரிகைகளில் வெளிவருகின்றன. நமது கடைகளில் ஒரு நல்ல ஊழியரை இழந்ததால் ஏற்பட்ட நட்டம் எந்தப் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. அங்கு அது எல்லோருக்கும் தெரியும்.

ஆர்ஜென்டீனாவின் ஏன்ஜல் டி மரியா அவ்வாறு பல சந்தைகளைக் கண்ட ஒருவர். விங்கர் என்று அழைக்கப்படும், மைதானத்தின் ஓரமாகப் பந்தைக் கொண்டு செல்லும் வீரர் அவர். ஆர்ஜென்டீனா, போர்த்துக்கல், ஸ்பெயின், இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என ஆறு நாடுகளில் ஆறு கழகங்களுக்கு விளையாடியவர். அவருக்கு மிகக் கூடிய விலை கொடுத்த கழகமே அவரால் மிகக் குறைந்த பயனைப் பெற்றது. அவருக்குத் தவணையும் இடமும் கொடுத்தவர்களோ பெரும் பயன் கண்டார்கள். இந்த ஒரு விடயத்துக்காகவே அவரது கதையை நமது வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

பிணைக் கையொப்பமும் கடன் கரியும்

டி மரியா 1988 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆம் திகதி ரொசாரியோ நகரில் பிறந்தவர். தனது இளமைக் காலம் பற்றி 2018 இல் அவரே எழுதியிருக்கிறார். அதில் அவர் கூறும் குடும்பக் கதை, ஒரு சிறு வியாபாரியின் கதையேயாகும்.

அவரது தந்தை, நண்பர் ஒருவர் வீடு வாங்குவதற்குப் பிணை நின்று கையொப்பமிட்டார். நண்பர் தவணைப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தலைமறைவானார். வங்கி பிணைகாரரிடம் வந்தது. தனது வீட்டுக்கும் அடுத்தவரின் வீட்டுக்குமாக இரண்டு வீட்டுக் கடனை அந்தத் தந்தை சுமக்க நேர்ந்தது. இந்த இடத்தை வாசிக்கும்போது நமது வாசகர்களில் சிலருக்குத் தமது அனுபவம் நினைவுக்கு வரலாம்.

அவர் வீட்டின் முன்னறையைக் கடையாக்கினார். துப்புரவுத் திரவங்களைப் பெரும் பீப்பாக்களில் வாங்கி, சிறு போத்தல்களில் பிரித்து, பெரிய கடைகளை விடக் குறைந்த விலைக்கு விற்றார். மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் நமக்கெல்லாம் பழக்கமான வியாபாரம்தான். வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனால் வாடிக்கையாளர் வந்துபோவதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் சிறுவன் ஏன்ஜல் திறந்த கதவு வழியாக வீதிக்கு ஓடி, வாகனத்தில் அடிபடாமல் மயிரிழையில் தப்பினான். அத்துடன் தாய் அந்தக் கடையை மூட வைத்துவிட்டார்.

அடுத்ததாகக் கரி வியாபாரம். லொறியில் கரி கொண்டுவரும் ஒருவர் இருந்தார். ஆனால் முதல் லொறிக்குக் கொடுக்கத் தந்தையின் கையில் பணம் இல்லை. முதல் சில சுமைகளைக் கடனுக்குத் தருமாறு கேட்டார். கரி வியாபாரி சம்மதித்தார். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் முன் தந்தையுடன் சேர்ந்து கரியைப் பைகளில் நிரப்பினார்கள். தலைக்கு மேலே வெறும் தகரக் கூரை. மழையிலும் குளிரிலும் அதே வேலை.

இங்கு இரண்டு விதமான நம்பிக்கை இருப்பதை அவதானியுங்கள். பிணைக் கையொப்பத்தில் தந்தை வைத்ததும் நம்பிக்கைதான். கரிக்காரர் தந்தை மீது வைத்ததும் நம்பிக்கைதான். ஆனால் முதலாவதில் நண்பர் பணம் கட்டுகிறாரா இல்லையா என்பதைப் பார்க்கவோ தடுக்கவோ பிணைகாரருக்கு வழியில்லை. இரண்டாவதில் ஒரு லொறி விற்று முடிந்தால்தான் அடுத்த லொறி. கொடுத்தவருக்குத் தன் சரக்கு எங்கே இருக்கிறது, ஆள் எப்படி உழைக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தவணை கொடுப்பது என்பது கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுவதல்ல. கண்ணைத் திறந்துகொண்டு காலம் கொடுப்பதாகும். இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தாய் கொடுத்த ஒரு வருடம்

சிறுவன் டி மரியா எல் டொரிட்டோ என்ற சிறு கழகத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, நகரின் பெரிய கழகமான ரொசாரியோ சென்ட்ரல் அவனைக் கேட்டது. சிறு கழகம் பணம் கேட்கவில்லை, விளையாடுவதற்குப் பந்துகள் கேட்டது. எத்தனை பந்துகள் என்பதைச் சொல்வோர் பலவிதமாகச் சொல்கிறார்கள். இரண்டு டசினுக்கு மேல், மூன்று டசினுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். அவரது முதல் விலை அதுதான். தாய் நாள்தோறும் துவிச்சக்கர வண்டியில் மகனையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்கு மிதித்தார்.

பதினாறு வயதாகியும் அவர் முதல் அணிக்கு எடுக்கப்படவில்லை. தந்தை மூன்று வழிகளைச் சொன்னார். என்னுடன் கரி வேலைக்கு வரலாம். படிப்பை முடிக்கலாம். அல்லது இன்னும் ஒரு வருடம் உதைபந்தாட்டத்தில் முயன்று பார்க்கலாம். இன்னும் ஒரு வருடம் என்று தாய் முடிவு சொன்னார். 2005 டிசம்பரில், அந்த வருடம் முடியும் தறுவாயில், டி மரியா சென்ட்ரலின் முதல் அணியில் களமிறங்கினார்.

ஒரு வருடம் என்று அந்தத் தாய் எல்லை வைத்ததைக் கவனிக்க வேண்டும். முடிவில்லாத காலம் கொடுத்திருந்தால் அது செல்லம். மூன்று மாதம் கொடுத்திருந்தால் அது அவசரம். நல்ல தவணைக்கு ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதி நியாயமானதாகவும் இருக்கும்.

பென்பிகாவின் பொறுமை

2007 இல் போர்த்துக்கலின் பென்பிகா கழகம் அவரை வாங்கியது. முதலில் 80 வீத உரிமைக்கு 6 மில்லியன் யூரோ. பின்னர் மீதி 20 வீதத்துக்கு 2 மில்லியன். மொத்தம் 8 மில்லியன் முதலீடு.

முதலாவது பருவத்தில் லீக் ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. இரண்டாவது பருவத்தில் இரண்டு கோல். மேலோட்டமாகக் கணக்குப் பார்க்கும் ஒரு முதலாளி இந்த இடத்தில் விற்றுவிட்டிருப்பார். பென்பிகா விற்கவில்லை. மூன்றாவது பருவத்தில் ஐந்து கோல் அடித்ததுடன், சக வீரர்கள் அடித்த பல கோல்களுக்கு வழிவகுத்தார். 2009-10 பருவத்தில் பென்பிகா ஐந்து வருடங்களின் பின்னர் லீக் சம்பியனானது. 2010 இல் ரியல் மட்ரிட் அவரை 25 மில்லியன் யூரோவுக்கும், அதற்கு மேல் ஊக்கத் தொகைகளுக்கும் வாங்கியது. மூன்று வருடத்தில் 8 மில்லியன் 25 மில்லியனானது. இடையில் ஒரு சம்பியன் கிண்ணமும் கிடைத்தது.

இங்கே இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்த காலத்தில் விலைக்குக் கைமாறும்போது, அந்த விலையில் 5 வீதம் வரை, அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும் என்பது பீபாவின் விதி. பயிற்றுவித்த காலத்துக்கு விதியே கூலி கொடுக்கிறது. சென்ட்ரல் போன்ற கழகத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் டி மரியா எல் டொரிட்டோவை விட்டுச் சென்றது 12 வயதுக்கு வெகு முன்னர். ஆகவே விதிப்படி அந்தச் சிறு கழகத்தின் கணக்கு பந்துகளோடு முடிந்துவிட்டது. உலக வர்த்தகத்தில் முதலாவதாக விதை போட்டவன் பெரும்பாலும் இப்படித்தான் விடுபட்டுப் போகிறான்.

இடம் மாற்றியதால் கிடைத்த கிண்ணம்

மட்ரிட்டில் நான்கு பருவங்கள். 2013 இல் ரியல் மட்ரிட் வேல்ஸ் வீரர் கரெத் பேலைப் பெருந்தொகைக்கு வாங்கியது. பேலும் ஓர வீரர். டி மரியாவின் இடம் பறிபோனது. சாதாரணமாக இந்த இடத்தில் பழைய ஆள் மூலைக்குத் தள்ளப்படுவார். பயிற்றுவிப்பாளர் அன்சலோட்டி வேறு வழி கண்டார். டி மரியாவை ஓரத்திலிருந்து நடுக்களத்தின் இடது பக்கத்துக்கு நகர்த்தினார். அவரது ஓட்டமும் உழைப்பும் அங்கு முன்னரை விடப் பயன்பட்டன. அந்தப் பருவத்தில் ஸ்பானிய லீக்கில் 17 கோல்களுக்கு வழிவகுத்தார்.

2014 மே 24 ஆம் திகதி லிஸ்பன் நகரில் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. மேலதிக நேரத்தில் இடது பக்கமாக எதிரணி வீரர்களைக் கடந்து ஓடி டி மரியா அடித்த பந்தை கோல் காப்பாளர் தட்ட, பேல் தலையால் முட்டிக் கோலாக்கினார். ரியல் மட்ரிட் 4-1 என வென்று பத்தாவது தடவையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆட்ட நாயகன் டி மரியா. கோல் அடித்தவர் பெயர் புள்ளிப் பலகையில் வரும். பந்தைக் கொண்டுவந்தவர் பெயர் அங்கு வராது. நமது கடைகளிலும் காசாளர் மேசையில் பணம் வாங்குபவரை எல்லோரும் காண்பார்கள். பின்னறையில் சரக்கு வந்ததும் சரிபார்த்து, குறைந்ததை நினைவூட்டி, வாடிக்கையாளர் கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுப்பவரை யாரும் காண்பதில்லை.

ஆட்ட நாயகனாகி மூன்று மாதங்களில் அவர் விற்கப்பட்டார். 2014 உலகக் கிண்ணத்தில் கால் இறுதியில் அவருக்குத் தொடையில் காயம் ஏற்பட்டது. இறுதிப் போட்டி நடந்த அன்று காலை ரியல் மட்ரிட்டிலிருந்து ஒரு கடிதம் வந்ததாகவும், தான் விளையாடக்கூடாது என்பதே அதன் சாரம் என்று அறிந்து, பிரித்துப் பார்க்காமலே கிழித்தெறிந்ததாகவும் அவர் பின்னர் எழுதினார். கழகம் வேறொருவரை வாங்கத் தன்னை விற்க எண்ணியிருந்தது, காயம் கூடினால் விலை குறைந்துவிடும் என்று பயந்தது என்பது அவரது விளக்கம். இறுதியில் பயிற்றுவிப்பாளர் அவரை அன்று இறக்கவில்லை. ஆர்ஜென்டீனா ஜேர்மனியிடம் 1-0 எனத் தோற்றது.

இது ஒரு தரப்பின் கூற்று என்பதை மறக்கக்கூடாது. ஆயினும் முதலாளிமார் யோசிக்க வேண்டிய விடயம் இது. ஓர் ஊழியனின் வாழ்நாளில் ஒரு முறை வரும் நாள் ஒன்று இருக்கும். அன்று அவனது முதலாளிக்கு அவன் ஒரு கையிருப்புப் பொருளாகத் தெரிந்தானா, மனிதனாகத் தெரிந்தானா என்பதை அவன் ஒருபோதும் மறக்க மாட்டான்.

மட்ரிட்டின் பேரேட்டில் இந்த விற்பனை பெரும் இலாபம். 25 மில்லியனுக்கு வாங்கிய வீரர் ஏறக்குறைய 75 மில்லியன் யூரோவுக்கு விலைபோனார். ஆனால் அடுத்த பருவத்தில் அக்கழகம் ஸ்பானிய லீக்கையோ, அரசர் கிண்ணத்தையோ, சம்பியன்ஸ் லீக்கையோ வெல்லவில்லை. ஒருவர் போனதால் மட்டும் இது நடந்தது என்று சொல்வது மிகை. எனினும் பேரேட்டில் இலாபமாகத் தெரிவதெல்லாம் கடைக்கு இலாபமாகிவிடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மன்செஸ்டரின் நட்டக் கணக்கு

2014 ஓகஸ்டில் மன்செஸ்டர் யுனைடெட் அவரை 59.7 மில்லியன் ஸ்டேர்லிங் பவுணுக்கு வாங்கியது. அதுவரை எந்த பிரித்தானியக் கழகமும் ஒரு வீரருக்கு அவ்வளவு பணம் கொடுத்ததில்லை. ஐந்து வருட ஒப்பந்தம். கழகத்தின் புகழ்பெற்ற 7 ஆம் இலக்கச் சட்டையும் அவருக்கே வழங்கப்பட்டது.

ஆரம்பம் அருமையாக இருந்தது. முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் மூன்று கோல். அதற்குப் பின்னர் அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. பயிற்றுவிப்பாளர் வான் காலின் அணி அமைப்பு அடிக்கடி மாறியது. ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம், இன்னொரு நாள் நடுக்களம், வேறொரு நாள் முன்வரிசை. இதற்கிடையில் 2015 இன் ஆரம்பத்தில், குடும்பத்தினர் உள்ளே இருந்தபோதே அவரது வீட்டில் திருடர்கள் நுழைய முயன்றனர். குடும்பத்தினர் பயந்து போனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் வீட்டு நிம்மதி கெட்டால் அவரது வேலையும் கெடும் என்பது இயல்பு.

ஒரே வருடத்தில், 2015 ஓகஸ்டில், யுனைடெட் அவரை பரிஸ் செயின்ட் ஜேர்மன் கழகத்துக்குச் சுமார் 44 மில்லியன் பவுணுக்கு விற்றது. ஏறக்குறைய 15 மில்லியன் பவுண் நட்டம். அவர் அங்கு விளையாடியது 32 ஆட்டங்கள். சம்பளத்தைச் சேர்க்காமல் பார்த்தாலும், ஓர் ஆட்டத்துக்கு நாலரை இலட்சம் பவுணுக்கு மேல் கழகத்தின் கையிலிருந்து போயிருக்கிறது.

யுனைடெட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வீரரும் அங்கு மனம் ஒன்றவில்லை. ஆனால் வாங்கியவர் பக்கத்துத் தவறு தெளிவானது. பணம் கொடுக்கும் முன் இந்த ஆளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கவில்லை. சந்தையில் பேர் அடிபடும் சரக்கை வாங்கி வந்து, கடையில் இன்று இந்தத் தட்டில், நாளை அந்தத் தட்டில் என்று மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் கழிவு விலைக்குக் கொடுத்த கதைதான் இது.

பரிஸின் கணக்கு வேறு

அதே மனிதர், அதே வருடம், பரிஸுக்குச் சென்றார். அங்கு ஓர வீரராகவே, தனக்குப் பழக்கமான வேலையில் நிறுத்தப்பட்டார். முதலாவது பருவத்திலேயே பிரெஞ்சு லீக்கில் 18 கோல்களுக்கு வழிவகுத்தார். 2017 இல், தனது 29 ஆவது பிறந்த தினத்தன்று, பார்சிலோனாவை 4-0 எனத் தோற்கடித்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். ஏழு பருவங்களில் 295 ஆட்டங்கள், 90 இற்கும் மேற்பட்ட கோல்கள், ஐந்து லீக் சம்பியன் பட்டங்கள்.

2022 இல் ஒப்பந்தம் முடிந்து அவர் வெளியேறியபோது பரிஸ் கழகத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. வாங்கிய விலை முழுவதும் செலவாகவே எழுதப்பட்டது. மேலோட்டமான கணக்கில் இது யுனைடெட்டின் நட்டத்தை விட மூன்று மடங்கு. ஆனால் 44 மில்லியனை 295 ஆட்டங்களால் பிரித்துப் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை இலட்சம் பவுண். யுனைடெட்டுக்குச் சென்றதில் மூன்றில் ஒரு பங்கு. திருப்பி விற்றவருக்குக் கூடிய நட்டம். திருப்பி விற்காமல் பயன்படுத்தியவருக்குக் குறைந்த செலவு. லொறி ஒன்றை வாங்கி ஒரு வருடத்தில் விற்றவரையும், பதினைந்து வருடம் ஓட்டித் தேய்த்தவரையும் ஒப்பிட்டுப் பார்த்த எந்த வியாபாரிக்கும் இந்தக் கணக்கு புரியும்.

இறுதிப் போட்டியில் இடது பக்கம்

இடம் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு மிகச் சிறந்த சான்று 2022 டிசம்பர் 18 ஆம் திகதி கட்டாரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டி. டி மரியாவுக்கு அப்போது 34 வயது. காயம் காரணமாக முந்தைய மூன்று ஆட்டங்களில் ஏறக்குறைய விளையாடவே இல்லை. முடிந்துபோன வீரர் என்று சொன்னவர்கள் பலர்.

பயிற்றுவிப்பாளர் ஸ்கலோனி அவரை ஆரம்பத்திலேயே இறக்கினார். அதுவும் வழமையான வலது பக்கத்தில் அல்ல, இடது பக்கத்தில். பிரான்ஸ் அணி அதை எதிர்பார்த்திருக்கவில்லை. அரை மணித்தியாலம் கடப்பதற்குள் டி மரியாவை வீழ்த்தியதால் கிடைத்த பெனால்டியை மெஸ்ஸி கோலாக்கினார். 36 ஆவது நிமிடத்தில் டி மரியாவே இரண்டாவது கோலை அடித்தார். 64 ஆவது நிமிடத்தில் அவர் வெளியே எடுக்கப்பட்டார். அதன் பின்னர் பிரான்ஸ் இரண்டு கோலையும் திருப்பி அடித்தது. ஆட்டம் 3-3 என முடிந்து, பெனால்டி உதைகளில் 4-2 என ஆர்ஜென்டீனா கிண்ணத்தை வென்றது.

வயது போன, முழு நேரமும் ஓட இயலாத ஒருவரிடமிருந்து, சரியான இடத்தில் ஒரு மணித்தியாலம் வேலை வாங்கி உலகக் கிண்ணம் பெற்றார்கள். அதே மனிதரை 26 வயதில், உடல் பலத்தின் உச்சத்தில், பிரித்தானியாவின் ஆகக் கூடிய விலை கொடுத்து வாங்கியவர்களால் ஒரு பருவத்துக்குச் சரியான இடம் கொடுக்க முடியவில்லை.

நியாயமான ஆட்சேபனை

இங்கு ஓர் ஆட்சேபனை எழலாம். பென்பிகாவும் பரிஸும் பெரும் கழகங்கள், அவர்களால் பொறுத்திருக்க முடியும், நாமோ மாத முடிவில் கடை வாடகையும் காசோலையும் பார்க்க வேண்டியவர்கள், திறமையில்லாதவனுக்கு மூன்று வருடம் கொடுத்தால் கடையே போய்விடும் என்று நமது வர்த்தகர்கள் சொல்லக்கூடும். இது நியாயமான பேச்சு. எல்லோரும் டி மரியா ஆகிவிடுவதில்லை. பொறுத்திருந்தும் பயன் காணாத முதலாளிகள் ஏராளம். டி மரியாவின் வாழ்விலேயே ஜுவன்டஸில் கழித்த 2022-23 பருவம் காயங்களுடன் சென்றது. நான்ட்ஸ் நகரில் ஒரே ஆட்டத்தில் அடித்த மூன்று கோல்களைத் தவிர நினைவில் நிற்பது குறைவு. ஒரு வருடத்தில் இரு தரப்பும் பிரிந்துகொண்டன.

ஆனால் பொறுமைக்குப் பணம் வேண்டும் என்பது முழு உண்மையல்ல. இந்தக் கதையில் முதலாவதாகப் பொறுத்தவர்கள் யார்? இரண்டு வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த ஒரு கரி வியாபாரியின் குடும்பம். அவர்களுக்கு அந்த ஒரு வருடம் பென்பிகாவின் மூன்று வருடத்தை விடப் பாரமானது. அவர்கள் கொடுத்தது பணமல்ல. எல்லை வைத்த காலம். அதை எந்தச் சிறு கடைக்காரரும் கொடுக்கலாம்.

திறந்து வைத்த கதவு

2023 இல் பென்பிகா தன் பழைய வீரரை மீண்டும் அழைத்துக்கொண்டது. இரண்டு பருவங்கள் அங்கு விளையாடினார். அவரது மனமோ ரொசாரியோவில் இருந்தது. 2024 மார்ச்சில் அவர் ஊர் திரும்புவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அவரது குடும்பத்தினருக்குக் கொலை மிரட்டல் விடுக்கப்பட்டது. போதைப்பொருள் கும்பல்களின் வன்முறையால் அவதிப்பட்ட நகரம் அது. அவர் அப்போது திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டார். முதலீடும் திறமையும் ஊர் திரும்ப வேண்டுமானால் முதலில் வீதியில் பயமின்றி நடமாட முடிய வேண்டும் என்பதை வர்த்தக சமூகத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2025 இல் அவர் திரும்பினார். 37 வயதில், 18 வருடங்களின் பின்னர், ரொசாரியோ சென்ட்ரலின் சட்டையை அணிந்தார். ஜூலையில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே பெனால்டி மூலம் கோல் அடித்தார். ஓகஸ்டில், ஊரின் பரம எதிரியான நியூவெல்ஸ் கழகத்துடன் நடந்த ஆட்டத்தில் அவர் நேரடியாக அடித்த பிரீ கிக் 1-0 என்ற வெற்றியைப் பெற்றுத் தந்தது.

பெரும் விலை கொடுத்த மட்ரிட்டுக்கோ மன்செஸ்டருக்கோ அவர் திரும்பிச் செல்லவில்லை. முதலில் தவணை கொடுத்த இரண்டு இடங்களுக்கே திரும்பினார். அந்த இரண்டு இடங்களிலும் அவரைப் பெற்றுக்கொள்ள எவரும் இன்னொரு கழகத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

நமது கடைகளில் வேலை பழகிய இளைஞர்கள் பலர் மத்திய கிழக்குக்கும் வேறு இடங்களுக்கும் செல்கிறார்கள். இன்னும் சிலர் பக்கத்து வீதியில் தனிக்கடை போடுகிறார்கள். போகிறவனைத் துரோகி என்று திட்டி அனுப்பும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த காலம் வீண் போனதாக எண்ணுகிறோம். அது வீண் போகவில்லை. கதவைத் திறந்து வைத்தால், அவனே நாளை மொத்தக் கொள்வனவுக்கு நம்மிடம் வரும் வாடிக்கையாளராகலாம். வெளிநாட்டிலிருந்து திரும்பி முதல் போட்டுப் பங்காளியாகவும் ஆகலாம்.

ஆகவே அடுத்த தடவை ஓர் ஊழியரை எடுக்கும்போது சம்பளம் பேசுவதற்கு முன் மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவரைக் கடையில் எந்த வேலையில் நிறுத்தப் போகிறேன்? எத்தனை மாதம் பொறுப்பேன்? அந்த மாதங்கள் முடியும்போது எதைப் பார்த்து முடிவு செய்வேன்? இந்த மூன்றையும் அவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுத முடியவில்லை என்றால், ஆள் எடுக்கும் எண்ணத்தை ஒரு மாதம் ஒத்திப்போடுவது நல்லது. 59.7 மில்லியன் பவுண் கொடுத்தவர்கள் எழுதத் தவறியது இந்தத் தாளைத்தான்.